சிவப்பு ஒட்டுத்தாள் விவகாரத்தில் என் தரப்பு

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. இங்கு நான் சௌக்கியம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கு தாங்களும் அக்காவும் தங்கள் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் வீட்டில் பதினைந்து நாளாகத் தங்கியிருக்கும் மூன்றாவது நபரின் சௌக்கியத்தை நான் இக்கடிதத்தில் விசாரிக்கவில்லை. விசாரித்ததாக அவளிடம் சொல்லவும் வேண்டாம்.

தாங்கள் எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. "தங்கச்சி வந்து பத்து நாளுக்கு மேல ஆச்சு, என்ன நடந்ததுன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா, ரெண்டாவது தடவை கேட்டா எழுந்து போய்த் துணி மடிக்கிறா, நீங்களாவது சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். தொலைபேசியில் சொல்லியிருப்பேன். ஆனால் தங்களுக்குக் காது மந்தம். நான் இங்கே கத்தினால் தையல்காரர் வீட்டுக்குக் கேட்கும், தாங்கள் அங்கே திருப்பிக் கத்தினால் சம்பந்தப்பட்டவளுக்கே கேட்கும். ஆகவே எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாய்த் தராசுக்கு முத்திரை குத்தியவன் நான். நடந்தது நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு யார் பக்கம் நியாயம் என்று தாங்களே சொல்லுங்கள்.

எட்டு மாதத்துக்கு முன்புவரை எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி இருந்தது. நாற்றம் தாங்காது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை. எதை வேண்டுமானாலும் கையில் சுருட்டிக்கொண்டு போய், அக்கம்பக்கம் பார்த்து உள்ளே போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்துவிடலாம். நகராட்சி ஒருநாள் கிரேன் கொண்டுவந்து அதைத் தூக்கிப்போய்விட்டு, வீட்டுக்கு ஒரு பதினாறு பக்கக் கையேட்டைக் கொடுத்தது. மக்கும் குப்பையை மூடி போட்ட வாளியில் தினமும் கொடுக்க வேண்டும். மக்காத குப்பையை வியாழக்கிழமை மட்டும் கொடுக்க வேண்டும். அதுவும் மறுசுழற்சிக்குப் போவதால் பாட்டில், டப்பா எல்லாவற்றையும் கழுவி, மேலே ஒட்டிய காகிதத்தை உரித்து, மூடியைத் தனியாகக் கழற்றி, காயவைத்து, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடிப் பையில் போட்டு வாசலில் வைக்க வேண்டும். கழுவாமல் வைத்தால் பையை எடுக்கமாட்டார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டி வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கவேண்டியதுதான்.

இந்தக் கண்ணாடிப் பை இருக்கிறதே மச்சான், அது பொல்லாதது. இருபது வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் தெரியாததெல்லாம் ஒரே மாதத்தில் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தையல்காரர் வீட்டம்மா தன் கையாலேயே செய்ததாகச் சொல்லி எல்லார் வீட்டுக்கும் துண்டு துண்டாகக் கொடுத்தனுப்பிய கேக்குக்கு, கடைப் பெயர் போட்ட அட்டைப்பெட்டி வியாழக்கிழமை வாசலில் நின்றது. சலூன்காரர் வீட்டுப் பையில் தலைமுடி வளரும் தைலம், நாலு பாட்டில். ஊருக்கே முடிவெட்டுகிற மனுஷன், அவருக்கு அப்படி ஒரு கவலை இருந்தது யாருக்குத் தெரியும்? பாவம், பத்து நாள் தெருவில் குனிந்த தலை நிமிராமல் நடந்தார்.

முதல் ஐந்து மாதம் எல்லார் வாசலிலும் சிவப்பு மயம். அப்போதுதான் நகராட்சியிலிருந்து ஒரு சின்ன வயசு அதிகாரி வந்து, தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு என்றார். "சார், உங்க அனுபவத்துக்கு நீங்கதான் இதுக்குச் சரியான ஆள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். முத்திரையும் கையுமாய் இருந்தவனுக்கு ஓய்வுபெற்ற பிறகு யார் மச்சான் இப்படி ஒரு வார்த்தை சொல்கிறார்கள்? சரி என்றுவிட்டேன். தங்கள் தங்கை மட்டும் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில், "வேணாங்க. ஊர்க் குப்பை நமக்கெதுக்கு? நம்ம வீட்டுல இருக்கிறதைப் பார்த்தா போதாதா?" என்றாள். பொதுக்காரியத்தின் அருமை தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பச்சை நிற மேலங்கி ஒன்றும், நூறு சிவப்பு ஒட்டுத்தாள் உள்ள சுருள் ஒன்றும் கொடுத்தார்கள். மேலங்கி எனக்குக் கொஞ்சம் தொளதொளப்பு.

நான் வேலையை வேலையாகச் செய்தேன். ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து அதன்மேல் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து முப்பது எண்ணுவேன். ஒரு சொட்டு விழுந்தாலும் ஒட்டுத்தாள்தான். முதல் வியாழக்கிழமையே பதினான்கு வீட்டில் ஒன்பது வீட்டுக்கு ஒட்டினேன். "சார், சாப்பிடற தட்டைக்கூட நாங்க இவ்வளவு கழுவறதில்ல" என்று தையல்காரர் வீட்டம்மா சண்டைக்கு வந்தாள். குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வருகிற அம்மா நல்ல மனுஷி, அவளே, "சார், ஒரு சொட்டுக்கெல்லாம் ஒட்டாதீங்க, அங்க கொண்டு போனா மிஷின் ஒருதரம் கழுவத்தான் போகுது" என்றாள். இன்றைக்கு ஒரு சொட்டை விட்டால் நாளைக்கு ஒரு குடம் வரும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் மணியை ஆட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நடுநிலையோடு எழுதுகிறேன் என்பதால் இதையும் எழுதவேண்டும்: அத்தனை வீட்டிலும் கையேட்டின்படி நடந்தது என் வீடு ஒன்றுதான், அது தங்கள் தங்கையின் கைவேலை. எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் ஊறப்போட்டுக் காகிதத்தை நகத்தால் ஒரு கிழிசல் இல்லாமல் உரிப்பாள். கழுவி, ஜன்னலோரம் துணி விரித்துக் கவிழ்த்து வைப்பாள். நான் என் வீட்டுப் பையைச் சோதித்ததே இல்லை. அவசியம் வரவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நேற்றைக்குச் சரியாக இரண்டு வாரம் முந்திய வியாழன். காலை ஒன்பது மணிக்கு அந்த அதிகாரி ஒரு புகைப்படக்காரரோடு வந்து இறங்கினார். நகராட்சியின் மாத இதழில் போட ஒரு முன்மாதிரி வீடு வேண்டுமாம். பையைத் தெருவார் முன்னால் பிரித்து, ஒவ்வொன்றாகக் காட்டிப் படம் எடுக்க வேண்டுமாம். "உங்க வீட்டுலேர்ந்தே ஆரம்பிப்போம் சார்" என்றார். நான் தையல்காரர் வீட்டில் ஆரம்பிக்கலாம் என்றேன். அவர் சிரித்தார். சலூன்காரர் வீட்டுப் பை நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது என்றேன். "ஐயோ சார், இவ்வளவு அடக்கமா!" என்றார். கோடிவீட்டுப் பை இன்னும் பொருத்தமாக இருக்கும் என்றுகூடச் சொன்னேன், அதற்குள் அவர் என் பையின் முடிச்சை அவிழ்த்துவிட்டார். தெருவில் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். தங்கள் தங்கையும் ஈரக் கையோடு வாசல்படியில் வந்து நின்றாள்.

எண்ணெய் பாட்டில் பளபளவென்று வந்தது. அதிகாரி அதை வெயிலில் தூக்கிக் காட்டினார். மடித்து அடுக்கிய பால் கவர்கள் வந்தன. "பாத்தீங்களா, இப்படி இருக்கணும்!" என்றார், நாலுபேர் கை தட்டினார்கள். பிறகு பையின் நடுவிலிருந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்தது. அதையும் பிரித்தார். ஒரு ஜாம் பாட்டில். பெரிய அளவு. காகிதம் உரிக்கவில்லை, மூடி கழற்றவில்லை, அடியில் இரண்டு ஸ்பூன் அளவுக்குச் சிவப்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மூடியைத் திறந்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து எறும்புகள் வரிசையாய்ப் புறப்பட்டு அவர் கைக்கடிகாரத்தின்மேல் ஏறின. புகைப்படக்காரர் அதையும் ஒரு படம் எடுத்தார்.

"சர்க்கரைக்காரர் வீட்டுல ஜாமா?" என்றாள் தையல்காரர் வீட்டம்மா, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை என்பதும், எங்கள் வீட்டுக்குள் இனிப்பே நுழைவதில்லை என்பதும் தெருவுக்கே தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தங்கள் தங்கையும் என்னைப் பார்த்தாள். நான் பாட்டிலைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எறும்பு அவர் முழங்கைவரை வந்துவிட்டது. அப்போது அவள், "நான்தான் சாப்பிட்டேன். கழுவ மறந்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது. "பரவால்ல சார், நம்ம வீடுதானே, விட்டுடலாம்" என்றார். இங்கேதான் மச்சான், என் சர்வீஸ் முழுக்க நான் கட்டிக்காத்த நேர்மை குறுக்கே வந்து நின்றது. சொந்தச் சித்தப்பா கடையிலேயே போலிப் படிக்கல்லைப் பிடித்து வழக்கு எழுதியவன் நான். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லி, சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்து என் வீட்டுப் பையின்மேல் நானே ஒட்டினேன். அத்தோடு, பாட்டில் கழுவுவதன் முக்கியத்துவம் பற்றி ஓர் இரண்டு நிமிடம் பேசினேன். பேசியிருக்கவேண்டாம் என்று தாங்கள் கருதினால் அந்த இரண்டு நிமிடத்தைப் பொறுத்தவரை நான் வாதாடப்போவதில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் அந்தப் பாட்டிலை உள்ளே எடுத்துப்போய்க் கழுவினாள். மதியத்துக்குச் சமைத்து மூடி வைத்தாள். ஒரு வாரத்துக்கான என் மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து மேசைமேல் அடுக்கினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றாள். "எப்ப வருவே?" என்று கேட்டேன். "தெரியலை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு இந்தத் தெரு பேசுகிற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. "கட்டினவன் வாயைக் கட்டிட்டு, தான் மட்டும் ஒளிச்சு வெச்சுத் தின்னிருக்கா பாரு" என்று குழாயடியில் பேசுகிறார்கள். சலூன்காரர் எனக்குச் சவரம் செய்துகொண்டே, "அம்மாவுக்கு ரொம்ப நாளா இந்தப் பழக்கமா சார்?" என்று கேட்டார். கத்தி தொண்டையில் இருந்தது, ஆகவே நான் பதில் சொல்லவில்லை. கத்தியை எடுத்த பிறகும் சொல்லவில்லை.

நான் தனியாக ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். பால் மூன்று தடவைதான் பொங்கி வழிந்தது. நேற்று வியாழக்கிழமை, என் பையை வண்டிக்கார அம்மா தூக்கிப் பார்த்தாள். முழுக்க ரொட்டி உறை. தெருவே பார்க்கும்படி ஒன்பது ரொட்டி உறை. "அம்மா எப்ப சார் வருவாங்க?" என்றாள். அண்ணனுக்கு முழங்கால் வலி, அதனால் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். தாங்கள் யாராவது கேட்டால் அதையே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே என் நிலை இதுதான். ஒட்டுத்தாள் ஒட்டியது விதிப்படி சரி. அதை அவள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஜாம் சாப்பிட்டதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, ஆசைப்பட்டால் சாப்பிடட்டும், கழுவாததுதான் குற்றம். தானாகப் போனவள் தானாக வரட்டும், நான் வந்து கூப்பிடமாட்டேன். வந்தபிறகு இந்தப் பேச்சை நான் எடுக்கமாட்டேன் என்று வாக்குத் தருகிறேன். இதற்குமேல் ஒரு மனுஷன் என்ன இறங்கி வரமுடியும்?

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்கவும், தங்கள் முழங்கால் மழைக்காலத்துக்குள் மடங்கி நிமிரவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
தங்கை கணவன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டி, தபால்தலையும் ஒட்டிய பிறகு, கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன்.

ஜாம் பாட்டில் என்னுடையது மச்சான். அவள் குளிக்கப் போயிருந்தபோது செய்தித்தாளில் சுற்றிப் பையின் நடுவில் சொருகியவன் நான். சோதிக்கிறவன் பையை எவன் சோதிக்கப் போகிறான் என்ற தைரியம். இரண்டு வருடமாக இந்தத் திருட்டுத் தீனி. தெருமுனைத் தொட்டி இருந்தவரை காலிப் பாட்டிலை அதில் போட்டுவந்தேன். அது போனபின் போட இடமில்லாமல், என் பழைய ஆபீஸ் டிரங்குப் பெட்டியில் முத்திரைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன், ஆறு பாட்டில். ஏழாவது பெரிசு, பெட்டி மூடவில்லை. டாக்டர் மூன்று தடவை, "ஏம்மா, இவருக்கு என்னதான் சமைச்சுப் போடறீங்க? இவ்வளவு ஏறியிருக்கு" என்று அவளைத்தான் திட்டினார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் தன் டீக்கும் சர்க்கரை போடுவதை விட்டுவிட்டாள், நான் பார்த்து ஏங்கக்கூடாதாம்.

கடிதம் எழுதி முடித்த கையோடு, அந்த ஆறையும் எங்காவது தலைமுழுகிவிடலாம் என்று டிரங்கைத் திறந்தேன். ஆறும் இருந்தன. ஆறும் கழுவியிருந்தன. காகிதம் உரித்து, மூடி கழற்றி, காயவைத்து, வைத்த இடத்திலேயே ஒன்றோடொன்று இடிக்காமல் துணி சுற்றி வைத்திருந்தாள். எப்போதிலிருந்து அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள்கூட முகத்தில் காட்டவில்லையே! அவள் கைக்குப் போகாத ஒரே பாட்டில்தான் அன்றைக்குப் பையில் இருந்தது. அதற்குத்தான் நான் ஒட்டுத்தாள் ஒட்டினேன். டிரங்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் மச்சான், சொல்ல வெட்கமில்லை.

இன்று மக்கும் குப்பை வண்டி வந்தபோது மணிச்சத்தத்துக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள். அங்கேயே நின்று சொல்லிவிட்டேன், சலூன்காரர் முதல் கோடிவீடுவரை கேட்கும்படி. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. வண்டிக்கார அம்மா மட்டும், "இதைச் சொல்ல பதினஞ்சு நாளா சார்?" என்றாள். பச்சை மேலங்கியைத் தையல்காரர் வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அளவெடுத்துத் தைத்தமாதிரி இருக்கிறது.

மேலே எழுதிய நிபந்தனை எல்லாம் ரத்து. தபாலில் போட்டால் இது வந்துசேர நாலு நாள் ஆகும். எனக்கு அவ்வளவு நாள் தாங்காது. அதனால் காலை முதல் பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். வாயால் சொல்ல வந்தால் மறுபடியும் இரண்டு நிமிடம் பேசிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. ஆகவே இதைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து அவளிடம் கொடுங்கள். அவள் படித்து முடித்து, கூப்பிட்டால் உள்ளே வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் பாதகமில்லை என்று சொல்லுங்கள், அவசரமே இல்லை, நான் வாசலில்தான் நிற்கிறேன்.